வீட்டுத் தோட்டத்துக்கு டிசைனர் எதற்கு? சேலத்திலும் ஏற்காட்டிலும் வீடு கட்டுபவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

சேலத்தில் வீடு கட்டுகிறவர்கள் தோட்டத்தைப் பற்றி யோசிப்பது பெரும்பாலும் பெயிண்ட் அடித்து முடித்த பிறகுதான். அதற்குள் கையில் இருந்த பணம் கரைந்திருக்கும், கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்திருப்பார்கள். மேஸ்திரி ஒரு நர்சரிக்காரரைக் கூட்டி வருவார். இரண்டு லோடு செம்மண், ஒரு வண்டி புல், வாசலில் நாலு பனைச்செடி என்று வேலை முடிந்துவிடும். விழா அன்று பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்த ஏப்ரலில் புல் காய்ந்து, ஐப்பசி மழையில் செம்மண் கரைந்து போர்டிகோவுக்குள் வந்துவிடும்.

தோட்டம் வடிவமைப்பவருக்குக் கொடுக்கும் பணம் செடிக்கான பணம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது மண்ணுக்கு அடியில் நடக்கும் வேலைக்கான பணம். தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும், எவ்வளவு மண்ணை எடுக்க வேண்டும், எந்த இடத்தில் மரம் வைக்கவே கூடாது என்று அவர் சொல்வதற்குத்தான் கூலி. செடி வாங்குவது கடைசி வேலை, எளிதான வேலையும் அதுதான். விற்கும்போது வீட்டுக்கு விலை ஏறும் என்ற கணக்கை மட்டும் நம்பாதீர்கள். இந்த ஊரில் வீட்டு விலை பெரும்பாலும் மனை ரேட்டை ஒட்டித்தான் போகும். தோட்டத்துக்குச் செலவழிப்பது நீங்கள் அங்கே வாழ்வதற்காக.

1. முதலில், உங்களுக்கு டிசைனர் தேவையா?

எல்லோருக்கும் தேவையில்லை. மனை சமதளம், வீட்டைச் சுற்றி மிஞ்சும் இடம் முந்நூறு நானூறு சதுர அடி, தண்ணீர் ஏற்கெனவே ஒழுங்காகத் தெருப்பக்கம் வடிகிறது என்றால், ஒரு தடவை வந்து பார்த்துச் சொல்லும் ஆலோசனைக்கு மட்டும் பணம் கொடுத்தால் போதும். மீதியை நீங்களும் ஒரு நல்ல தோட்டக்காரரும் பார்த்துக்கொள்ளலாம்.

மனை சரிவாக இருந்தாலோ, தெருவை விடத் தாழ்வாக இருந்தாலோ, பாறை தட்டுப்பட்டாலோ, அஞ்சாறு சென்ட்டுக்கு மேல் திறந்தவெளி இருந்தாலோ, கட்டாயம் ஒருவரைக் கூப்பிடுங்கள். ஏற்காட்டில் என்றால் இந்தக் கேள்வியே வேண்டாம். அங்கே சமதளமான மனை கிடைப்பதே அபூர்வம்.

2. எப்போது கூப்பிடுவது?

வீட்டு பிளான் இன்னும் பேப்பரில் இருக்கும்போதே. சம்ப், செப்டிக் டேங்க், போர்வெல், மழைநீர்க் குழி, கார் நிறுத்தும் இடம் ஆகிய ஐந்தும் எங்கே வருகின்றன என்பதுதான் தோட்டத்தின் தலையெழுத்து. என்ஜினீயர் இவற்றை வீட்டின் வசதிக்கு வைப்பார், அது அவர் வேலை. ஆனால் நல்ல வெயிலும் நல்ல மண்ணும் உள்ள ஒரே மூலையில் செப்டிக் டேங்க் போய் உட்கார்ந்துவிட்டால், அங்கே இனி மரம் வைக்க முடியாது. பேப்பரில் அதைப் பத்தடி நகர்த்த ஒரு ரப்பர் போதும்.

வீடு முடிந்த பிறகுதான் கூப்பிட முடிந்தது என்றாலும் பரவாயில்லை. கார் பாதைக்குக் கான்கிரீட் போடுவதற்கு முன்பாவது கூப்பிடுங்கள். பாதைக்கு அடியில் குறுக்காக இரண்டு பிவிசி பைப்பைப் போட்டு, முனைகளை மூடி வைத்துவிட்டால் போதும். பின்னாளில் சொட்டுநீர்க் குழாயையும் விளக்கு வயரையும் அதன் வழியே கொண்டு போகலாம். இந்தப் பைப்புகள் இல்லாததால், போட்ட பேவர் பிளாக்கைப் பெயர்த்து மறுபடி பதித்த வீடுகள் அழகாபுரத்திலும் உண்டு, அயோத்தியாப்பட்டணத்திலும் உண்டு.

3. ஆள் வருவதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டிய வீட்டுப்பாடம்

மழை பெய்யும்போது குடையை எடுத்துக்கொண்டு மனைக்குப் போய், தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே தேங்குகிறது, எங்கே வெளியேறுகிறது என்று போனில் வீடியோ எடுங்கள். டிசைனருக்கு இதை விட உதவும் தகவல் இல்லை. தெரு மட்டத்தையும் கவனியுங்கள். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் தெரு உயர்கிறது. இன்றைக்குத் தெருவோடு சமமாக இருக்கும் வாசல் சில வருடங்களில் பள்ளமாகிவிடும்.

அடுத்தது வெயில். சேலம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 11.6 டிகிரியில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் 20 வாக்கில் நடுப்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அதற்குப் பிறகு ஆகஸ்ட் 20 தாண்டும் வரை நடுப்பகலில் அது நமக்கு வடக்கே நிற்கும். வடக்குப் பக்கம் எப்போதும் நிழல்தான் என்று நம்பி அங்கே பெரணியும் ஆந்தூரியமும் வைப்பவர்கள் மே மாதத்தில் இலை கருகி நிற்பதைப் பார்த்து விழிப்பது இதனால்தான். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும், அப்போது அதே வடக்கு மூலை ஈரத்தில் பாசி பிடிக்கும். காலை 9, மதியம் 12, மாலை 4 என மூன்று நேரத்திலும் நிழல் எங்கே விழுகிறது என்று படம் எடுத்து வையுங்கள். மேற்குப் பக்கம் படுக்கையறை இருந்தால் அதைத் தனியாகச் சொல்லுங்கள். அந்தச் சுவருக்கு எதிரே பதினைந்தடி தள்ளி ஒரு புங்கமரம் வந்தால், மாலை வெயிலில் அறை கொதிப்பது நன்றாகவே குறையும்.

மூன்றாவது, மண். இரண்டு மூன்று இடங்களில் ஓரடிக்கு ஓரடி குழி தோண்டுங்கள். முதலில் ஒருமுறை தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்பி எவ்வளவு நேரத்தில் வற்றுகிறது என்று பாருங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அடியில் களியோ பாறையோ இருக்கிறது. தோண்டும்போது செங்கல் துண்டு, காய்ந்த சிமெண்ட் கட்டி, டைல்ஸ் சில்லு வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். கட்டட வேலையில் மிஞ்சிய ரப்பிஷை அங்கேயே புதைத்து மேலே செம்மண் பரப்புவது எங்கும் நடக்கிறது. சிமெண்ட் கலந்த மண்ணின் காரத்தன்மை ஏறிவிடும். அதை அள்ளி வெளியே போடாமல் என்ன உரம் போட்டாலும் செடி தேறாது.

சேலத்துக்கென்று இன்னொரு சங்கதி உண்டு. கருப்பூர்ப் பக்கம் வெள்ளை வெளேரென்று தெரியும் சுண்ணாம்புக்கரடு, மேக்னசைட் என்ற மக்னீசியத் தாது நிறைந்த பூமி. அந்த வெள்ளைக்கல் சுற்றுவட்டாரத்து மண்ணில் மக்னீசியம் மிகுந்திருக்கும், காரத்தன்மையும் கூடுதல். போர்வெல் தண்ணீரும் பல இடங்களில் உப்புக்கரிப்பு. இப்படிப்பட்ட மண்ணிலும் தண்ணீரிலும் இட்லிப்பூச் செடியின் இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாததால் வரும் குறை அது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பை (இரும்பு சல்ஃபேட்) கரைத்து இலையில் தெளித்தால் தற்காலிகமாகப் பச்சை திரும்பும். ஆனால் வாழ்நாள் முழுக்கத் தெளித்துக்கொண்டிருக்க முடியுமா? மண்ணைப் பரிசோதித்துவிட்டுச் செடியைத் தேர்ந்தெடுப்பதுதான் வழி. வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்திலோ சந்தியூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ விசாரியுங்கள். போர்வெல் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் சேர்த்துக் கொண்டு போங்கள்.

4. யாரைத் தேர்ந்தெடுப்பது?

இந்தத் தொழிலில் மூன்று விதமானவர்கள் இருக்கிறார்கள். லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் என்பவர் பெரும்பாலும் கட்டடக்கலை படித்து, அதன் மேல் நிலவடிவமைப்பில் முதுகலை முடித்தவர். ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள 1972ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி கட்டடக்கலைக் கவுன்சிலில் பதிவு வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் தப்பே இல்லை. இரண்டாவது வகை, தோட்டக்கலை படித்தவர்கள். செடி, பூச்சி, உரம் எல்லாம் அத்துப்படி, ஆனால் தடுப்புச் சுவர் அவர்கள் துறை அல்ல. மூன்றாவது, நர்சரி வைத்திருந்து தோட்டம் போட்டுத் தருபவர்கள். நல்ல கைப்பழக்கம் உள்ளவர்கள் இவர்களில் நிறையப் பேர். ஒரே சிக்கல், வரைபடம் இலவசம் என்பார்கள். அந்த இலவசத்தின் விலை செடியில் இருக்கும். தேவை நாற்பது செடி என்றால் நூற்றைம்பது வந்து இறங்கும்.

சரிவு மனைக்கு முதல் வகை, சமதளத்துக்கு இரண்டாவது வகை என்பது என் கருத்து. யாராக இருந்தாலும், அவர்கள் செய்து மூன்று வருடம் ஆன ஒரு தோட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள். போன மாதம் முடித்த தோட்டம் எல்லாமே பச்சையாகத்தான் இருக்கும். முடிந்தால் சித்திரையில் போய்ப் பாருங்கள். அந்த வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி போதும்: "தண்ணிக்கு மாசம் எவ்வளவு ஆகுதுங்க?"

5. என்னென்ன வரைபடம் கேட்டு வாங்குவது?

கம்ப்யூட்டரில் செய்த கலர் படத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். அதில் எல்லா மரமும் இருபது வயதில் நிற்கும். கேட்டு வாங்க வேண்டியது மட்டங்களைக் குறித்த சர்வே, தண்ணீர் ஓட்டம் காட்டும் வடிகால் படம், பாதை, படி, சுவர்களின் அளவுப்படம், செடிகளின் பட்டியல், தண்ணீர்க் குழாய், மின்வயர் படம், கடைசியாக அளவோடு கூடிய செலவுப் பட்டியல். செடிப் பட்டியலில் தாவரப் பெயர், எண்ணிக்கை, இடைவெளி, வாங்கும்போது இருக்க வேண்டிய உயரம் எல்லாம் எழுதியிருக்க வேண்டும். இது கையில் இருந்தால் மூன்று நர்சரியில் விலை கேட்டு ஒப்பிடலாம்.

வடிகால் படத்தில் நீங்களே சரிபார்க்கக்கூடியவை இரண்டு. தோட்டத்து மண் வீட்டின் பேஸ்மட்டத்துக்குக் குறைந்தது அரையடியாவது கீழே இருக்க வேண்டும். சுவரை ஒட்டி மண்ணை ஏற்றிக் கொட்டினால் சுவர் ஈரம் இழுத்து உள்ளே பெயிண்ட் உரியும். அடுத்து, கல் பாவிய இடங்களில் வீட்டை விட்டு விலகும் திசையில் நூறு அடிக்கு ஓரடியிலிருந்து இரண்டடி வரை வாட்டம் இருக்க வேண்டும்.

6. தண்ணீர்க் கணக்கு

புல்தரை வேண்டும் என்று முடிவெடுப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் 1 லிட்டர். கோடையில் சேலம் வெயிலுக்குப் புல் பச்சையாக இருக்க ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 1000 சதுர அடி என்பது 93 சதுர மீட்டர். ஆக ஒரு நாளைக்கு ஏறக்குறைய 465 லிட்டர், மாதத்துக்குச் சுமார் 14,000 லிட்டர். போர்வெல் வற்றினால் அத்தனையும் லாரித் தண்ணீர்தான்.

நல்ல டிசைனர் அந்த ஆயிரத்தை இருநூறாகக் குறைக்கச் சொல்வார். பிள்ளைகள் விளையாட, மாலையில் நாற்காலி போட ஒரு துண்டுப் புல்தரை போதும். மீதி இடத்தில் மர நிழல், அதன் கீழே தரைபடர் செடிகள், சருகு மூடாக்கு, சொட்டுநீர். அவர் வாங்கும் கட்டணத்தின் பெரும்பகுதி இந்த ஒரு வெட்டிலேயே சில கோடைகளில் திரும்பிவிடும். பெரிய புல்தரை வேண்டும் என்று வீட்டுக்காரர் சொன்னதும் "செஞ்சிடலாம் சார்" என்று தலையாட்டுபவரைக் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

அதே கணக்கு மழைக்கும் பொருந்தும். 1000 சதுர அடி மொட்டை மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 930 லிட்டர் இறங்குகிறது. தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003 முதலே கட்டாயம். ஆனால் பல வீடுகளில் அது பைப்பைக் கொண்டுபோய்ச் சொருகிய ஒரு குழியோடு நின்றுவிட்டது. டிசைனர் இருந்தால் மாடித் தண்ணீரை வடிகட்டிச் சம்புக்கும், நிரம்பி வழிவதைத் தோட்டத்தில் ஒரு தாழ்ந்த பாத்திக்கும் திருப்புவார். அந்தப் பாத்தியில் கூழாங்கல்லும், ஈரத்தையும் வறட்சியையும் தாங்கும் வெட்டிவேர், கல்வாழை மாதிரியான செடிகளும் இருக்கும். ஒரு நாளுக்குள் வற்ற வேண்டும், இல்லாவிட்டால் கொசுப்பண்ணைதான்.

7. செடி, மரம்

வேம்பு, புங்கன், சரக்கொன்றை, மகிழம், மந்தாரை, பவளமல்லி, நந்தியாவட்டை, காகிதப்பூ, மாதுளை, எலுமிச்சை, சீத்தா: சேலத்து வெயிலுக்கு இவை பழகியவை. எதை என்பதை விட எங்கே என்பதில்தான் தவறு நடக்கிறது. சேலத்துக்காரருக்கு மாமரம் இல்லாமல் தோட்டம் இல்லை, சரி. அதைக் கார் நிற்கும் இடத்துக்கு மேலே வைக்காதீர்கள். பூக்கும் காலத்தில் தத்துப்பூச்சி விடும் பிசுபிசுப்பு கண்ணாடி முழுக்க ஒட்டும். முருங்கையை ஜன்னல் பக்கம் வைத்தால் மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி உள்ளே வரும். ஏப்ரல், மே கோடை மழைக்கு முன் அடிக்கும் சுழற்காற்றில் குல்மொஹர் கிளை முறியும், மின்கம்பி அருகே அது வேண்டாம். அரசு, ஆல், அத்தி இனம் எதுவும் சம்புக்கும் செப்டிக் டேங்குக்கும் பக்கத்தில் கூடாது. அழகுக்காகத் தொட்டியில் விற்கும் ஃபைகஸும் அதே குடும்பம்தான்.

செடி அடர்ந்தால் பாம்பு வரும் என்ற பயம் எல்லா வீட்டுப் பெரியவர்களுக்கும் உண்டு. பாம்பு தேடி வருவது எலியையும் தவளையையும், ஒளிய இடத்தையும். மூலையில் குவித்த உடைந்த செங்கல்லையும் பலகையையும் அப்புறப்படுத்துவதும், வாசல் பாதையை ஒட்டி உயரமான புதரை வைக்காமல் இருப்பதும் அந்தப் பயத்தில் பாதியைத் தீர்த்துவிடும்.

நடும் காலம்: மண் வேலை, கல் வேலையெல்லாம் தை முதல் சித்திரைக்குள். நடவு ஆடிக்குப் பிறகு, மழை பிடித்ததும்.

8. ஏற்காட்டில் எல்லாமே வேறு

20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் கிட்டத்தட்ட 1500 மீட்டர் உயரம். சேலம் நகரம் 280 மீட்டர் அளவில்தான் இருக்கிறது. இந்த உயர வித்தியாசத்துக்கு வெப்பம் ஏழெட்டு டிகிரி குறையும். மண்ணும் வேறு. அடிவாரத்தில் காரம், மேலே பாக்சைட் கலந்த அமில மண். அமில மண்ணில் அலுமினியம் கரைந்து கிடைப்பதால்தான் மலை வீடுகளில் ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூக்கிறது. கோடை விழாவுக்குப் போய்விட்டு அந்தச் செடியை ஆசையாகச் சேலத்துக்கு வாங்கி வருவோர் அடுத்த சித்திரையில் வெறும் தொட்டியைக் கழுவி வைக்கிறார்கள். டேலியா, அசேலியா கதையும் அதுதான்.

மலையில் டிசைனரின் முதல் வேலை சரிவைக் காப்பது. பொழுதுபோக்கு வீடு கட்ட வாங்கிய மனையை ஜேசிபி விட்டு ஒரே தட்டையாக வெட்டுவதுதான் அங்கே செய்யக்கூடிய மிக மோசமான காரியம். ஒரு பக்கம் செங்குத்தான வெட்டு, மறுபக்கம் இறுகாத கொட்டிய மண். பெருமழையில் இரண்டும் நகரும். அதற்குப் பதில் சரிவின் போக்கிலேயே இரண்டு மூன்று சிறு தட்டுகள் அமைத்து, ஒவ்வொன்றையும் தாழ்வான கல்கட்டால் பிடித்து நிறுத்துவது பாதுகாப்பு. நாலடிக்கு மேல் தடுப்புச் சுவர் வந்தால் ஸ்ட்ரக்சுரல் என்ஜினீயர் கணக்குப் போட்டே ஆக வேண்டும். சுவரின் பின்னால் ஜல்லி நிரப்பி, முகத்தில் தண்ணீர் வெளியேற வரிசையாக ஓட்டை விடாவிட்டால், மண்ணில் ஊறிய தண்ணீரின் அழுத்தமே சுவரைத் தள்ளிவிடும். மழைக்காலத்தில் அந்த ஓட்டைகளில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்தால் சந்தோஷப்படுங்கள், அடைத்துவிடாதீர்கள்.

தட்டுகளின் விளிம்பில், சரிவின் குறுக்கே ஒரே உயரத்தில் போகும் சமமட்டக் கோட்டை ஒட்டி வெட்டிவேர் நட்டால் மண் பிடிக்கும். மேல்சரிவிலிருந்து வரும் ஓடைத் தண்ணீருக்கு வீட்டைச் சுற்றிப் போக ஒரு கல் வாய்க்கால் வேண்டும். அது முடியும் இடம் பக்கத்து எஸ்டேட்டின் காபிச் செடியாக இருக்கக் கூடாது, சண்டை வரும்.

மனையில் ஏற்கெனவே நிற்கும் சில்வர் ஓக், பலா, பட்டர் ஃப்ரூட் மரங்களை வைத்தே டிசைன் செய்யச் சொல்லுங்கள். சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து காபித் தோட்டத்து நிழலுக்காக வந்த மரம், மிளகுக் கொடி ஏற நல்ல துணை. மலைப்பகுதியில் மரம் வெட்ட 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, உங்கள் நிலத்து மரமாக இருந்தாலும் அனுமதி வாங்க வேண்டும். கட்டுமானத்துக்கும் மண் வெட்டுவதற்கும் மலைப்பகுதி விதிகள் தனி. ஜேசிபியைக் கூப்பிடும் முன் தாலுகா அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். இந்த நடைமுறை தெரிந்த டிசைனர் கிடைத்தால் அதுவே பாதிச் சுமையைக் குறைக்கும். காட்டெருமை வரும் பகுதியா என்று அக்கம்பக்கத்திலும் கேளுங்கள். வேலியும் செடியும் அதைப் பொறுத்துத்தான் அமையும்.

9. ஒப்பந்தமும் பணமும்

வடிவமைப்புக் கட்டணம், வேலைக் கூலி, பொருள் செலவு மூன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். மொத்தமாக ஒரு சதுர அடி ரேட் சொன்னால், அதில் எத்தனை அங்குலம் மண், எத்தனை கிலோ தொழு உரம், எந்த உயரச் செடி என்று பிரித்துக் கேளுங்கள். பிரித்துச் சொல்ல முடியாதவரிடம் பேரம் பேசிப் பயனில்லை.

பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள்: வரைபடம் முடிந்ததும் ஒரு பகுதி, மண், வடிகால் வேலை முடிந்ததும் ஒரு பகுதி, நடவுக்குப் பின் ஒரு பகுதி. மொத்தத்தில் பத்து சதவீதத்தையாவது ஒரு மழைக்காலம் தாண்டும் வரை நிறுத்தி வைப்போம் என்று ஆரம்பத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். வடிகால் சரியாக இருக்கிறதா என்று ஐப்பசி மழை மாதிரி யாரும் சோதித்துச் சொல்ல மாட்டார்கள். பட்டுப்போகும் செடிக்கு மாற்றுச் செடி எத்தனை மாதம் வரை தருவார்கள் என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

குழாய்களையும் வயர்களையும் மண் போட்டு மூடுவதற்கு முன், பக்கத்தில் டேப்பை விரித்து வைத்துப் படம் எடுங்கள். கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன், உண்மையில் எது எந்த வழியாகப் போயிருக்கிறது என்று திருத்திய வரைபடத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். அதன் ஒரு நகலைத் தோட்டக்காரரிடம் கொடுங்கள், இன்னொன்று மோட்டார் சுவிட்ச் பெட்டிக்குள் இருக்கட்டும். பைப் உடைந்து பிளம்பர் வரும்போது நீங்கள் வெளியூரில் இருந்தாலும் அவர் கண்ட இடத்தில் தோண்ட மாட்டார்.